சொட்டுக்குட்டிக்குச் சிரிக்க மட்டும் தெரியும்

நேற்று ராத்திரி சீசா, ஒரு குடம் குடிதண்ணீரைச் சமையலறைத் தொட்டியில் கவிழ்த்துவிட்டு, ஏன் என்று கேட்ட மனைவிக்குப் பதில் சொல்லாமல் போய்ப் போர்த்திக்கொண்டு படுத்தார். காலையில் எழுந்த பிறகும் பதில் வரவில்லை. பல் தேய்க்கக்கூடக் குழாயைத் திறக்காமல், எங்கிருந்தோ வாங்கி வந்த கேனைச் சாய்த்து வாய் கொப்பளித்தார்.

சீசா என்பது அவர் பெயரல்ல. நீர்த்துறையின் ஆய்வுக்கூடத்தில் நாள் முழுக்கக் கண்ணாடி சீசாக்களை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துக்கொண்டிருப்பவரை வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்?

மனைவிக்கும் அதே துறைதான். ஆனால் சீசா வாடை எட்டாத மேல்மாடி. மக்களோடு பேசுவதற்காகத் துறை சமூக ஊடகத்தில் ஒரு பக்கம் வைத்திருக்கிறது. அங்கே பேசுவது மனிதர்கள் அல்ல, சொட்டுக்குட்டி என்கிற நீலநிறத் துளி. உருண்டைக் கன்னம், எந்நேரமும் பல் தெரியும் சிரிப்பு. குழாய் உடைந்தாலும், கட்டணம் ஏறினாலும், சாக்கடை பொங்கினாலும் சொட்டுக்குட்டிதான் பதில் சொல்லும். அதன் வாய்க்குள் உட்கார்ந்து எழுதுகிறவள் இவள். ஆகவே அலுவலகத்தில் இவள் 'சொட்டு மேடம்'.

"என்னங்க, ராத்திரியிலருந்து கேக்கறேன். தண்ணில என்ன?"

"மெதுவா பேசு."

"இங்க யாரு இருக்கா? வாலு இன்னும் எந்திரிக்கவே இல்ல."

வாலு அவர்களுடைய ஒரே மகள். சீசா அவள் அறைப் பக்கம் பார்க்கவில்லை. மேசைமேல் இருந்த மனைவியின் அலுவலகப் போனைப் பார்த்தார். அதை எடுத்துக்கொண்டு போய் மாவு டின்னுக்குள் வைத்து மூடிவிட்டு வந்தார்.

வேறொரு நாளாக இருந்தால் அவள் சிரித்திருப்பாள்.

"சாம்பிள் தண்ணிய மருந்துப் பொடி போட்ட சீசால ஊத்தி வைப்போம். தண்ணி சுத்தமா இருந்தா நிறம் மாறாது. சாக்கடை கலந்திருந்தா மறுநாளே கறுத்துப் போகும்." குரலை இன்னும் தாழ்த்தினார். "கிழக்குத் தொட்டில எடுத்த சீசா எல்லாம் கறுத்துப் போச்சு."

"எல்லாமேவா?"

"மை மாதிரி."

கிழக்குத் தொட்டி என்றால் இவர்கள் வீடு. வாலுவின் பள்ளிக்கூடம். நாத்தனார் வீடும் கடையும். கிழக்குப் பகுதி முழுவதும்.

"எப்படிங்க ஆச்சு?"

சீசா அவளுடைய அலுவலகப் போன் கிடந்த மாவு டின்னைப் பார்த்தார். அந்தப் பார்வையின் அர்த்தம் அவளுக்குத் தெரியும்.

இத்தனைக்கும் ஆரம்பம் அந்த நாத்தனார்தான். கிழக்குப் பகுதியில் அழகு நிலையம் நடத்துவதால் குடும்பத்தில் அவளுக்கு 'பார்லர்' என்று பெயர். தண்ணீரில் மருந்து நாற்றம், முகம் கழுவிவிட்டால் வாடிக்கையாளர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறார்கள் என்று துறையின் பக்கத்தில் ஒருநாள் பொங்கி எழுதினாள். 'எங்களுக்கும்தான்' என்று ஊரே அதன் கீழே வந்து உட்கார்ந்தது. கோபமுகங்கள் குவிந்தன. கோபமுகம் என்றால் துறை இயக்குநருக்கு இரத்தக்கொதிப்பு. குளோரினைக் குறைக்கும்படி அன்றே உத்தரவு பறந்தது. 'நீங்கள் சொன்னீர்கள், நாங்கள் கேட்டோம்!' என்று சொட்டுக்குட்டி அறிவித்தது. எழுதியவள் இவள். அந்த வாரம் வந்து விழுந்த இதயங்களைப் போல அதற்கு முன் எந்த வாரமும் விழுந்ததில்லை.

"குழாய் பழசு, அங்கங்க சாக்கடையை உரசிக்கிட்டுப் போகுது, அந்த மருந்துதான் காவல்" என்று சீசா மட்டும் சொல்லிப் பார்த்தார். அவருக்கு ஒரு இதயம்கூட விழவில்லை.

"அப்ப இன்னிக்கு மத்தியானம்..." என்றாள்.

இன்று மதியம் 'ஒன்றாய் ஒரு மிடறு'. நாற்றம் போனதைக் கொண்டாடும் விழா. மாண்புமிகு அமைச்சர் கிழக்குப் பகுதியில் மேடையேறிக் குழாய்த் தண்ணீரை நேரலையில் குடிப்பார். அதே கணத்தில் வீடு, கடை, பள்ளிக்கூடம் என்று பகுதி முழுக்க ஆளுக்கொரு டம்ளர் பிடித்துக் குடித்து, படம் எடுத்துப் பக்கத்தில் போட வேண்டும். பெயர் வைத்தது இவள்தான். அன்றைக்கு இயக்குநர் இவளை எழுந்து நிற்கச் சொல்லி மற்றவர்களைக் கைதட்டச் சொன்னார்.

"எங்க லேப் பெரியவர்கிட்ட சொல்லிட்டேன். மத்தியானத்துக்குள்ள கிழக்கு வால்வை மூடிடறேன்னிருக்கார். குழாயைத் திறந்தா காத்துதான் வரும், யாரும் குடிக்க முடியாது. நீ பாட்டுக்கு வேலையைப் பாரு. யார்கிட்டயும் வாயைத் திறக்காதே. பார்லர்கிட்டகூட."

"உங்க கூடப்பொறந்தவ அவ."

"அதனாலதான் சொல்றேன். அவகிட்ட சொன்னா மைக் வச்சுச் சொன்ன மாதிரி. அப்புறம் என்னை அந்த ரூமுக்குக் கூப்பிட்டுருவாங்க."

அந்த அறைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. துறைக் கட்டடத்தின் உச்சி மாடியில் இருக்கிறது. தண்ணீரைப் பற்றி வதந்தி பரப்புகிறவர்களை அங்கே 'உரையாட' அழைப்பார்கள். குழாயில் புழு வருகிறது என்று எழுதிய பஸ் டிரைவர் ஒருவர் போய் உரையாடிவிட்டு வந்தார். அன்றிலிருந்து தினமும் ஒரு ரோஜாப்பூ படம் போட்டு, காலை வணக்கம் மட்டும் சொல்கிறார். மாலை வணக்கம்கூடச் சொல்வதில்லை.

மாவு டின்னிலிருந்து போனை எடுத்துத் துடைத்தாள். சொட்டுக்குட்டி முகமெல்லாம் மாவோடு சிரித்தது.

வாலுவுக்குத் தலை பின்னும்போது காதோரம் குனிந்து சொன்னாள்.

"இன்னிக்கு ஸ்கூல்ல தண்ணி குடிக்கக் கூடாது. பாட்டில்ல நான் ஊத்திக் குடுத்தது மட்டும்தான்."

"இன்னிக்கு எல்லாரும் குடிக்கணும்மா. மிஸ் சொல்லிருக்காங்க. டம்ளர் தூக்கி போட்டோ."

"மிஸ்ஸே குடுத்தாலும் குடிக்காதே."

"அப்ப என் டம்ளரை என்ன பண்றது?"

"என்னமோ பண்ணு. நீ குடிக்காம இருந்தா போதும்."

வாலு தலையாட்டினாள். பின்னல் கையிலிருந்து நழுவியது. முதலிலிருந்து பின்னினாள்.

*

'மக்கள் இணைப்புப் பிரிவு' என்று வாசலில் பலகை. உள்ளே சுவர் அகலத்துக்கு ஒரு திரை. இதயங்கள் எத்தனை, கட்டைவிரல்கள் எத்தனை, கோபமுகங்கள் எத்தனை என்று அதில் ஓடிக்கொண்டே இருக்கும். ஊரில் எத்தனை குழாயில் தண்ணீர் வருகிறது என்று காட்டும் திரை அந்தக் கட்டடத்தில் எங்குமே கிடையாது.

பக்கத்து மேசையில் 'படம்'. சொட்டுக்குட்டியின் முகங்களை வரைகிற பையன், அதனால் அந்தப் பெயர். சாதாரணச் சிரிப்பு, வெட்கச் சிரிப்பு, கண்ணடிக்கும் சிரிப்பு என்று வரைந்து தள்ளியிருந்தான். குழாய் உடைகிற நாட்களுக்கு நெற்றி வியர்வையோடு ஒரு சிரிப்பும் உண்டு. ஒருமுறை அழுகை முகம் வரைந்து கொண்டுபோனான். "அரசாங்கம் அழக்கூடாது" என்று இயக்குநர் திருப்பிக் கொடுத்துவிட்டார். எந்த அறிவிப்பும் முகம் இல்லாமல் போகக்கூடாது என்பது விதி. முகத்தைத் தேர்ந்தெடுத்தால்தான் அனுப்பும் பொத்தானுக்கே உயிர் வரும். மக்கள் நிற்கும் புகைப்படம் போட்டால் மட்டும் விலக்கு. அதில்தான் ஏற்கெனவே சிரித்த முகங்கள் இருக்கின்றனவே!

"மேடம், இதைப் பாருங்க" என்றான் படம்.

காலையிலிருந்து வந்த பின்னூட்டங்கள். 'ரெண்டு நாளா குழந்தைக்கு வயிறு நிக்கல.' 'எங்க வீட்ல மூணு பேருக்கு.' 'எங்க தெருவுலயும்.' எல்லாமே கிழக்குப் பகுதி. ஒவ்வொன்றின் கீழேயும் இயந்திரம் தானாகப் பதில் போட்டிருந்தது. யார் என்ன எழுதினாலும் அது போடும் அதே பதில்: 'உங்கள் குரல் கேட்டது!' பக்கத்தில் பல்லைக் காட்டிக்கொண்டு சொட்டுக்குட்டி.

அவள் மறுபடி முதலிலிருந்து படித்தாள்.

இயக்குநர் சென்ட் வாசனையோடு உள்ளே வந்தார். இன்று புதுச் சட்டை. சொட்டுக்குட்டியின் நீலம்.

"என்ன மேடம், மொகம் வாடியிருக்கு? இன்னிக்கு வரலாறு படைக்கப் போறோம். நாம ஜனங்களுக்குக் குடுக்கறது தண்ணி இல்ல. நம்பிக்கை!"

"குழாய்லயா சார் வரும்?" என்றான் படம், திரையைப் பார்த்தபடியே.

"உனக்கு வாய் ஜாஸ்தி. பள்ளிக்கூட ஒத்திகைப் படம் வந்ததும் அதான் முகப்புல நிக்கணும். குழந்தைங்க படத்துக்கு இதயம் கொட்டும்." திரையில் ஓடிய பின்னூட்டத்தைப் பார்த்தார். "என்ன இது, வயிறு, வயிறுன்னு? மறைச்சு வைங்க. விருந்து சாப்பிடற நேரத்துல மருந்துச் சீட்டைக் காட்டற மாதிரி."

"சார், கிழக்கு வால்வு..." என்று அவள் தொடங்கிவிட்டாள்.

இயக்குநர் நின்றார். திரும்பினார். புன்னகை அப்படியே இருந்தது, கண்கள் மட்டும் வேலையை நிறுத்திக்கொண்டன.

"வால்வா? உங்களுக்கு எதுக்கு வால்வு? ஓ... உங்க வீட்டுக்காரர் ஆய்வுக்கூடத்துல இல்ல? குடும்பமே நம்ம துறைக்கு உழைக்கறீங்க. நல்லது." அவள் மேசையை விரலால் இருமுறை தட்டினார். "வீட்டுப் பேச்சு வீட்லயே இருக்கணும் மேடம்."

அவர் மேடைக்குக் கிளம்பிப் போனார். வாசனை மட்டும் காவலுக்கு நின்றது.

படம் நாற்காலியை நகர்த்திக்கொண்டு பக்கத்தில் வந்தான். "நேத்து மேடைக்கு அளவெடுக்கப் போயிருந்தேன் மேடம். மாண்புமிகு குடிக்கற குழாய் இருக்கே, அதோட மறுமுனை எங்க போகுதுன்னு பாத்தேன். மேடைக்குப் பின்னாடி ஒரு கேனுக்கு. கடைல வாங்கின கேன்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவன் நாற்காலியை மறுபடி தன் மேசைக்கு நகர்த்திக்கொண்டு போனான்.

*

அதே நேரம், கீழே ஆய்வுக்கூடத்தில், பெரியவர் ஒரு சீசாவை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்திருந்தார்.

"கறுப்புதான்" என்று ஒப்புக்கொண்டார். "ஆனா லேசான கறுப்பு."

"கறுப்புல லேசு ஏது சார்?" என்றார் சீசா.

"இன்னும் ரெண்டு நாள் வச்சுப் பாப்போம்."

"வச்சா இன்னும் கறுக்கும் சார். வெளுக்காது. வால்வை மூடிட்டீங்களா?"

பெரியவர் கையிலிருந்த கண்ணாடி சீசாவை மெதுவாகக் கீழே வைத்தார். அதை நோகடிக்கக் கூடாது என்பதுபோல்.

"யோவ், யோசிச்சுப் பாரு. இன்னிக்கு வால்வை மூடினா என்ன ஆகும்? நேரலை நேரத்துல கிழக்குப் பக்கம் பூரா காலி டம்ளரைப் படம் எடுத்துப் போடுவான்."

"குடிச்சா பேதி ஆகும் சார். சின்னப் பிள்ளைங்க தாங்காது."

"பேதியை எவனும் படம் எடுத்துப் போட மாட்டான்" என்றார் பெரியவர்.

அது வேடிக்கைக்குச் சொன்னதில்லை. அவர் கணக்குப் போட்டுப் பார்த்துத்தான் சொன்னார். சீசாவுக்கு முதல்முறையாக அந்த மனிதரிடம் பயம் வந்தது. கத்துகிற அதிகாரியிடம் அவர் பயந்ததில்லை. இவ்வளவு நிதானமாகப் பேசுகிறவரைத்தான் அவருக்குப் பழக்கமில்லை.

சுவர் ஆணியில் வால்வுச் சாவி தொங்கியது. சாவி என்று பெயரே தவிர, ஆள் இடுப்பு உயரத்துக்கு ஒரு இரும்புக் கம்பி, தலையில் குறுக்குப் பிடி. பெரியவர் போன் பேசத் திரும்பியபோது சீசா அதைக் கழற்றி எடுத்துக்கொண்டு வெளியே நடந்தார். தோளில் வைத்தால் தெரியும், கையில் பிடித்தால் இடிக்கும். திருடிப் பழக்கமில்லாத மனிதர், அதைக் குழந்தையைப் போல மார்போடு அணைத்துக்கொண்டு படியிறங்கினார்.

*

மனைவியின் போன் அடித்தது.

"மூடலை. மூடவும் மாட்டாங்க. நானே போறேன்."

"எங்கங்க? என்னங்க சொல்றீங்க?"

"கிழக்கு வால்வுக்கு. நேரத்துக்குப் போய்ச் சேருவேனான்னு தெரியல. வாலு...?"

"அவகிட்ட சொல்லிட்டேன். குடிக்க மாட்டா."

"நல்லது" என்றார். போன் அணைந்தது. அவள் திரும்பக் கூப்பிட்டாள். இணைப்பில் இல்லை என்றது ஒரு பெண் குரல், சொட்டுக்குட்டியின் உற்சாகத்தோடு.

"வந்துருச்சு மேடம்" என்றான் படம். "ஸ்கூல் ஒத்திகை."

பெரிய திரை நிறையக் குழந்தைகள். வரிசை வரிசையாகக் கையில் டம்ளரைத் தூக்கிப் பிடித்துச் சிரிக்கிறார்கள். முன்வரிசையில் வாலு மட்டும் கையைக் கட்டிக்கொண்டு, சொன்ன சொல்லைக் காப்பாற்றிய கர்வத்தோடு நேராகப் பார்க்கிறாள். டம்ளர் இல்லை.

அம்மாவுக்கு மூச்சு வந்தது. ஒரே ஒரு மூச்சு.

வாலுவின் தோளை உரசிக்கொண்டு மொட்டு உட்கார்ந்திருந்தாள். பார்லரின் மகள். இருவரும் ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு. மொட்டுவின் இரண்டு கையிலும் இரண்டு டம்ளர். இரண்டையும் கோப்பை ஜெயித்தவள் மாதிரி உயர்த்திப் பிடித்திருந்தாள். படத்துக்கு இதயம் கொட்டியதே அவளால்தான். 'ரெட்டை டம்ளர் ராணி!' என்று கீழே யாரோ எழுதியிருந்தார்கள்.

பயம் வந்தால் மனது முதலில் தன் வீட்டுக் கதவைத்தான் சாத்துகிறது. காலையிலிருந்து அவள் மொட்டுவை நினைக்கவே இல்லை.

போன் மறுபடி அடித்தது. பார்லர்.

"அண்ணி! படம் பாத்தீங்களா? என் பொண்ணுதான் ஊர் முழுக்க! இங்க கடையிலயும் எல்லாரும் டம்ளரோட ரெடி. ஒருத்திக்குப் பாதி மூஞ்சிக்குத்தான் மாவு போட்டிருக்கேன், அவளும் குடிக்கணுமாம்." சிரித்தாள். பிறகு, "ஆமா, நம்ம வாலு ஏன் உர்ருனு உக்காந்திருக்கா? அவ டம்ளர் எங்க?"

அவள் படத்தில் மொட்டுவின் கைகளைப் பார்த்தாள்.

"அண்ணி?"

இரண்டு டம்ளர்.

"அண்ணன் நேத்து என்கிட்ட போன்ல சரியா பேசல. என்னமோ கேட்டா வேற என்னமோ சொன்னாரு." குரலில் இருந்த சிரிப்பு படிப்படியாக இறங்கியது. "உங்க பொண்ணு கையில டம்ளர் இல்ல. என் பொண்ணு கையில ரெண்டு இருக்கு. ஏன் அண்ணி?"

"குடிக்காதே" என்றாள் இவள். அவ்வளவுதான் வந்தது. "கடையில யாரையும் குடிக்க விடாதே. ஸ்கூலுக்கு ஓடு. இப்பவே."

மறுமுனையில் ஒரு டம்ளர் கீழே விழுந்து உருளும் சத்தம்.

"உங்களுக்குக் காலையிலயே தெரியும்" என்றாள் பார்லர். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "உங்க பொண்ணுக்கு மட்டும் சொல்லி அனுப்பியிருக்கீங்க."

போன் வைக்கப்பட்டது.

அவள் அலுவலகப் போனை எடுத்து எழுதினாள். 'கிழக்குப் பகுதி மக்களே, குழாய்த் தண்ணீரைக் குடிக்காதீர்கள். குழந்தைகளுக்குக் கொடுக்காதீர்கள்.' அனுப்பும் பொத்தான் செத்துக் கிடந்தது. முகம் கேட்டது.

"படம், சிரிக்காத முகம் ஏதாவது இருக்கா?"

அவன் அவள் போனில் இருந்ததைப் படித்தான். வெளிறிப் போனான். தலையை மட்டும் ஆட்டினான், இல்லை என்று. வியர்வைச் சிரிப்பைத் தேர்ந்தெடுத்து அழுத்தினாள்.

ஊர் விழுந்து விழுந்து சிரித்தது.

'பாவம், தன்னைக் குடிக்கப் போறாங்கன்னு சொட்டுக்குட்டிக்குப் பயம்!' 'அழாதே செல்லம், ஒரே மடக்குதான்!' 'இதோ உன்னைத்தான் குடிக்கப் போறேன்!' டம்ளரோடு படங்கள் மேலும் மேலும் வந்து விழுந்தன. சிரிப்புமுகங்கள் திரையின் ஓரம் வரை நிரம்பின.

இயக்குநர் மேடையிலிருந்து கூப்பிட்டார். பின்னணியில் நாதஸ்வரமும் ஒலிபெருக்கியும். "மேடம், பிரமாதம்! மாண்புமிகுவே சிரிச்சுட்டார். ஆனா என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். இன்னும் கொஞ்ச நேரத்துல டம்ளர் தூக்கறார், தயாரா இருங்க!"

அவர் வைத்துவிட்டார். அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். உண்மையைச் சொன்னாலும் சிரிப்பாக மாற்றிவிடும் ஒரு வாயை, இத்தனை நாளாகச் சோறு ஊட்டி வளர்த்தவள் அவளேதான்.

"நான் டீ குடிக்கப் போறேன் மேடம்" என்று படம் எழுந்தான். கதவு வரை போய்த் திரும்பினான். "புகைப்படம் போட்டா முகம் கேக்காது." கதவை வெளிப்பக்கம் சாத்திவிட்டுப் போனான்.

அவள் பள்ளிக்கூடப் படத்தையே மறுபடி எடுத்தாள். அடியில் எழுதினாள்.

'முன்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு இருப்பவள் என் மகள். இந்தப் பக்கத்தை எழுதுவது நான். தண்ணீரில் சாக்கடை கலந்திருக்கிறது என்று தெரிந்து, அவளை மட்டும் குடிக்காதே என்று சொல்லி அனுப்பினேன். உங்கள் பிள்ளைகளிடம் சொல்லவில்லை. இது தமாஷ் இல்லை. டம்ளரைக் கீழே வையுங்கள்.'

பொத்தான் உயிரோடு இருந்தது. அழுத்தினாள்.

இதற்கு யாரும் சிரிக்கவில்லை. இதயமும் விழவில்லை. ஓடிக்கொண்டே இருக்கும் திரை, ஒரு கணம் என்ன செய்வது என்று தெரியாததுபோல் நின்றது. பிறகு அந்தப் படம் ஆளிடமிருந்து ஆளுக்குப் பாயத் தொடங்கியது.

நேரலையில் மாண்புமிகு குழாயைத் திறந்தார். பளிங்கு மாதிரித் தண்ணீர். அண்ணாந்து குடித்தார். உதட்டைத் துடைத்துக்கொண்டு, "ஆஹா!" என்றார். அந்த ஆஹாவுக்குக் கீழே பின்னூட்டங்கள் வந்து விழுந்தன. 'எங்க குழாய்ல காத்துதான் வருது.' 'எங்க தெருவுலயும் நின்னு போச்சு.' 'ஊருக்கே தண்ணி இல்ல, உங்களுக்கு மட்டும் எங்கருந்து வருது?'

வால்வு மூடியிருந்தது. சீசா நேரத்துக்குப் போய் மூடிவிட்டார்! கணவரைக் கூப்பிட்டாள். இணைப்பில் இல்லை. மறுபடி கூப்பிட்டாள். இல்லை.

இயக்குநர்தான் வந்தார். போனில் நெடுநேரம் மூச்சு மட்டும் கேட்டது.

"எவ்ளோ பேரு பாத்திருக்காங்க?"

"எண்ணு நிக்கவே மாட்டேங்குது சார்."

"நம்ம பக்கத்தை இத்தனை பேர் பாத்ததே..." என்று தொடங்கினார். பழக்கதோஷம். அந்தக் குரலில் ஒரு நொடி பெருமை எட்டிப் பார்த்து, தான் எங்கே வந்திருக்கிறோம் என்று தெரிந்து ஓடி ஒளிந்துகொண்டது. "நீங்க அங்கயே இருங்க. எங்கயும் போகாதீங்க. உங்களோட உரையாட வருவாங்க. உங்க வீட்டுக்காரரோட ஏற்கெனவே..." முடிக்காமல் வைத்துவிட்டார்.

வெளியே மாடிப்படியில் ஷூ சத்தம். ஒருவருடையது இல்லை. அவசரமில்லாமல் ஏறி வந்தது.

அவளுடைய சொந்தப் போன் ஒளிர்ந்தது. பார்லர். பள்ளிக்கூட வாசலிலிருந்து. பின்னால் அம்மாக்களின் கூச்சல்.

"மொட்டு கிடைச்சாளா? குடிக்கலயே? நேரத்துக்குப் போயிட்ட இல்ல?"

"நேரலைல யாரும் குடிக்கல அண்ணி. நீங்க போட்டதைப் பாத்து மிஸ் எல்லார் டம்ளரையும் பிடுங்கிட்டாங்க."

"அப்பாடா..."

"ஒத்திகைல குடிச்சிட்டா."

ஷூ சத்தம் கதவருகே வந்து நின்றது.

"வெயில்ல ரொம்ப நேரம் உக்கார வச்சிருக்காங்க. தாகமா இருந்துச்சாம்." பார்லரின் குரல் எங்கோ தூரத்திலிருந்து பேசுவதுபோல் இருந்தது. "குடிக்கக் கூடாதுன்னு எங்கம்மா சொல்லிட்டாங்க, நீ குடின்னு வாலு தன்னோடதையும் குடுத்திருக்கா. பாசமா. என் பொண்ணு ரெண்டையும் குடிச்சிருக்கா அண்ணி. இப்ப வயித்தைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறா."

காலையில் வாலுவிடம் தான் சொன்னது இவள் காதுக்குள் கேட்டது: என்னமோ பண்ணு.

பார்லரின் இணைப்பு அறுந்துபோயிருந்தது. கதவில் யாரோ மரியாதையாக விரலால் தட்டினார்கள்.

சுவர்த் திரையில், கோடிக் கண்கள் பார்த்துக்கொண்டிருந்த அந்தப் படத்தின் அடியில், பார்லர் எழுதிய வரி வந்து நின்றது.

'ரெண்டு டம்ளர் தூக்கிட்டு இருக்கறது என் மகள். ரெண்டையும் குடிச்சிட்டா. நான் இப்ப என்ன செய்யணும்? யாராவது சொல்லுங்க.'

கண்மூடித் திறப்பதற்குள் பதிலும் வந்துவிட்டது. பல் அத்தனையும் தெரியச் சிரித்துக்கொண்டு.

'உங்கள் குரல் கேட்டது!'